தலையாட்டாத ஒருத்தர்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிசைன் மீட்டிங். பழைய கம்பெனி, பேர் வேண்டாமே. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆர்க்கிடெக்ட் போர்டுல படம் போட்டு விளக்கி முடிச்சார். மேனேஜர் தலையாட்டினார். கிளையண்ட் பக்கத்து ஆளும் போன்லயே 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னுட்டார். கடைசி நாற்காலியில இருந்த ஒரு சீனியர் மட்டும், "மாசக் கடைசில லோடு ஏறும்போது இந்த டேட்டாபேஸ் தாங்காதுங்க"ன்னு சொன்னார். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் யாரோ "சார் எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிக்க, எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். இத்தனைக்கும் அவர் சொன்னது சரின்னு எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரிதான் நானே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தேன்.

அவர் கணக்கு தப்புன்னு அந்த ரூம்ல ஒருத்தர்கூட சொல்லலை. அவர் எப்படிப்பட்டவர்ங்கறதை மட்டும்தான் சொன்னோம். மூணு மாசத்துல அந்த டேட்டாபேஸ் படுத்துது. அதுக்குள்ள அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டார்.

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்த இந்த விஷயம், சமீபத்துல பி.ஆர்.ஷெனாய் பத்திப் படிச்சப்போ மறுபடி மேல வந்துது. (வாத்தியம் இல்லைங்க, ஆளு பேரு.) அவரும் ஒரு மீட்டிங்ல கடைசி நாற்காலிக்காரர்தான். ஆனா அந்த மீட்டிங்ல முடிவு பண்ணினது டேட்டாபேஸ் இல்லை, இந்தியாவோட இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம்.

டிஸ்கி: நான் பொருளாதாரம் படிச்சவன் கிடையாது. பொட்டி தட்டறவன். எங்கயாவது சறுக்கியிருந்தா பின்னூட்டத்துல தலையில குட்டுங்க, வாங்கிக்கறேன்.

கதை நம்ம ஊருக்குப் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்குது. 1955 ஜனவரி, ஆவடி. இன்னைக்கு மின்சார ரயில்ல போறவங்களுக்கு ஆவடின்னா டாங்க் ஃபேக்டரி ஞாபகம் வரும். அன்னைக்கு அங்க காங்கிரஸ் மாநாடு. நம்ம நாட்டோட இலக்கு 'சோஷலிச பாணி சமுதாயம்'னு அங்கேதான் தீர்மானம் போட்டாங்க. காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருஷம்கூட ஆகலை. நேருவோட செல்வாக்கு உச்சத்துல இருந்த நேரம்.

அந்தத் தீர்மானத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். மெஷின் லேர்னிங் பக்கம் இருக்கறவங்களுக்கு 'மஹலனோபிஸ் தூரம்' ஞாபகம் வரும். அதே ஆள்தான். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்துவிட்டு புள்ளியியலுக்கு வந்தவர், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் அங்கேதான். ஜீனியஸ்ங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அவரோட மாதிரி ரொம்ப அழகானது. துணி நெய்யற மிஷினை விட, மிஷின் செய்யற மிஷின்ல முதல்ல காசைப் போடு, இப்போ கொஞ்சம் வயித்தைக் கட்டினா பத்துப் பதினஞ்சு வருஷத்துல எல்லாமே வேகமா வளரும். இரும்பு, கனரக இயந்திரம் எல்லாம் அரசு கையில். துணிமணி, சோப்பு, செருப்பு மாதிரி சமாச்சாரத்துக்கு குடிசைத் தொழில். கிட்டத்தட்ட இதே கணக்கை 1928லேயே சோவியத் ரஷ்யாவில் ஃபெல்ட்மன் என்பவர் போட்டிருந்தார்.

மஹலனோபிஸ் தனி ஆள் இல்லை. உலகத்தோட பெரிய தலைகள் எல்லாம் அந்தக் காலகட்டத்துல கல்கத்தாவுக்கு வந்து தங்கிட்டுப் போனாங்க. போலந்திலிருந்து ஆஸ்கார் லாங்கே, நார்வேயிலிருந்து ராக்னர் ஃப்ரிஷ், ஹாலந்திலிருந்து டின்பர்கன், பிரான்சிலிருந்து பெத்தெல்ஹைம். ஃப்ரிஷும் டின்பர்கனும் பின்னாடி 1969ல், பொருளாதாரத்துக்குக் கொடுத்த முதல் நோபலையே வாங்கினவங்க. இப்போ யோசிச்சுப் பாருங்க. நீங்க இந்தியாவுல ஒரு யூனிவர்சிட்டி பேராசிரியர். பிரதமர் ஒரு பக்கம், ஆளும் கட்சி ஒரு பக்கம், கம்ப்யூட்டர் வெச்சிருக்கற விஞ்ஞானி ஒரு பக்கம், வருங்கால நோபல்காரங்க ஒரு பக்கம். கையைத் தூக்கி "சார், ஒரு சந்தேகம்"னு கேப்பீங்களா?

திட்டக் கமிஷன் ஒரு பொருளாதார நிபுணர் குழுவை அமைச்சுது. நாட்டின் முன்னணிப் பொருளாதாரப் பேராசிரியர்கள், சுமார் இருபது பேர். திட்டத்தோட உருவரையைப் படிச்சுப் பார்த்து, 1955ல் ஒரு அறிக்கை கொடுத்தாங்க. சில்லறைத் திருத்தங்கள் சொல்லி, மொத்தத்துல திட்டம் சரின்னுட்டாங்க. ஒருத்தர் மட்டும் தனியா ஒரு மறுப்புக் குறிப்பு எழுதி இணைச்சார். அவர்தான் ஷெனாய்.

ஆள் யார்னு சுருக்கமா சொல்லிடறேன். பெல்லிக்கோத் ரகுநாத் ஷெனாய், 1905ல் பிறந்தவர். பெல்லிக்கோத் இன்னைக்கு கேரளாவோட காசர்கோடு மாவட்டத்துல இருக்கு. அப்போ சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டம். பனாரஸ்ல படிக்கற காலத்துல கொடிப் போராட்டத்துல கலந்துக்கிட்டு நாக்பூர் ஜெயிலுக்குப் போனவர். அதனால 'வெள்ளைக்காரன் ஆளு'ன்னெல்லாம் அவரைச் சொல்ல முடியாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தார், அங்கே ஹயக்கின் விரிவுரைகளைக் கேட்டார். கெய்ன்ஸோட சமன்பாடுகளை விமர்சித்து அவர் எழுதிய கட்டுரை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் முன்னணி ஆய்விதழில் வெளியானது. இலங்கையில் பாடம் நடத்தினார், அந்நாட்டின் நாணயம், வங்கி முறை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு ரிசர்வ் வங்கி, ஐ.எம்.எஃப். கடைசியில் 1954 முதல் அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழகம். அதாவது பணம், வங்கி, அந்நியச் செலாவணி விஷயத்தில் அந்தக் குழுவிலேயே கைப்பழக்கம் அதிகம் உள்ளவர்களில் ஒருவர்.

அவர் குறிப்புல என்ன சொன்னார்? பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. முதல் விஷயம் வெறும் கூட்டல் கழித்தல். நாட்டோட முதலீடு அப்போ தேசிய வருமானத்துல ஏறக்குறைய 7%. அதை அஞ்சு வருஷத்துல 11% பக்கம் கொண்டு போகணும்னு திட்டம் நினைச்சுது. வித்தியாசத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? வரி போட்டும் கடன் வாங்கியும் வராத பாக்கிக்கு பற்றாக்குறை நிதி. தமிழ்ல சொன்னா, நோட்டு அடிக்கறது. 1956ல் திட்டம் இறுதியானப்போ அரசுத் துறைச் செலவு 4,800 கோடி, அதுல 1,200 கோடி இந்த வழியில். மாசம் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கறவன் பதினெட்டாயிரம் ஈ.எம்.ஐ.க்கு வீடு புக் பண்ற மாதிரி. சேமிப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் திட்டம் போடணும், அதுக்கு மேல நோட்டு அடிச்சா விலைவாசி ஏறும், ஏற்றுமதி படுக்கும், இறக்குமதி எகிறும், அந்நியச் செலாவணி காலியாகும். பொறுத்துப் பொறுத்து வாழற ஏழை நாட்டுல கட்டுக்கடங்காத விலையேற்றம் வந்தா சமூக அமைப்பே ஆட்டம் காணும்னும் எச்சரிச்சார். அரசுடைமையை இதுக்கு மேல விரிக்க வேண்டாம், விலைக் கட்டுப்பாடுகளை எடுங்கன்னும் எழுதினார்.

இந்தக் கடைசி ரெண்டு விஷயத்துல நீங்க அவரோட சண்டை போடலாம். நானே போடுவேன். ஆனா முதல் விஷயம் கணக்கு. அதுக்கு எதிர்க் கணக்கு ஒண்ணு வந்திருக்கணும் இல்லையா? 'சேமிப்பு இந்தெந்த வழியில் உயரும், செலாவணி இவ்வளவு தாங்கும், ஆகவே ஷெனாய் சொல்வது தவறு' என்று இருபது பேரில் யாராவது வரிக்கு வரி பதில் எழுதியிருக்க வேண்டும். குறிப்பு ரகசியமாகவும் வைக்கப்படவில்லை. குழுவின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து அரசாங்கமே அதை அச்சிட்டு வெளியிட்டது. அந்த விதத்துல நேரு காலத்து அரசைப் பாராட்டணும். யாரும் அவரை ஜெயிலில் போடலை, வேலையை விட்டுத் தூக்கலை. 1968 வரைக்கும் குஜராத் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். ஆனா அவர் கேள்விக்குப் பதில் மட்டும் வரலை.

இதுக்குப் பெரிய சதியெல்லாம் தேவையில்லைன்னு நினைக்கறேன். அன்னைக்கு இந்தியாவுல பொருளாதாரம் படிச்ச ஒருத்தனுக்கு யார் வேலை குடுப்பா? திட்டக் கமிஷன், நிதி அமைச்சகம், ரிசர்வ் வங்கி, புள்ளியியல் நிறுவனம், இல்லேன்னா அரசு மானியத்துல ஓடற பல்கலைக்கழகம். எல்லா வழியும் ஒரே கதவுக்குத்தான் போகுது. கமிட்டியில பேர் வரணும், வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகணும், மாணவனுக்கு ஒரு இடம் வாங்கிக் குடுக்கணும், எல்லாத்துக்கும் அதே நாலஞ்சு பேர். அவங்க கெட்டவங்க இல்லை. பெரும்பாலும் ரொம்ப நேர்மையான ஆளுங்க, பஞ்சத்தைக் கண்ணால பார்த்தவங்க, நாடு முன்னேறணும்னு உண்மையா நினைச்சவங்க. அதனாலயே அவங்களை எதிர்க்கறது இன்னும் கஷ்டம். 'திட்டம் கொஞ்சம் பெரிசு'ன்னு சொன்னா, 'ஏழை எப்பவும் ஏழையாவே இருக்கட்டுங்கறியா?'ன்னு திருப்பிக் கேள்வி வரும். கணக்கு வாத்தியார்கிட்ட சந்தேகம் கேட்டா, குணத்துக்கு மார்க் குறைக்கற கதை.

அதுக்காக எதிர்த்தவர் ஷெனாய் ஒருத்தர்தான்னு நினைச்சுடாதீங்க. பம்பாய்ல சி.என்.வக்கீலும் பி.ஆர்.பிரம்மானந்தாவும் 1956ல் ஒரு தடிப் புத்தகம் போட்டாங்க. மிஷின் செய்யறதுக்கு முன்னாடி, வேலை செய்யறவனுக்குச் சோறும் துணியும் வேணும், அதுல முதலீடு போடுங்கன்னு வாதம். (எனக்கு என்னமோ அந்தக் காலத்து விமர்சனங்கள்லயே இதுதான் ரொம்பப் பிடிச்சது. தனிப் பதிவாவே எழுதலாம்.) மில்டன் ஃபிரீட்மன் 1955ல் இந்தியா வந்துட்டு நவம்பர்ல அரசுக்கு ஒரு குறிப்பு குடுத்தார். அது பொதுமக்கள் படிக்கற மாதிரி ஒரு புத்தகத்துல வெளியானது 1992ல். அதுக்குள்ள அவர் நோபல் வாங்கியே பதினாறு வருஷம் ஆகியிருந்தது!

சரி, திட்டம் ஆரம்பிச்சுது. என்ன ஆச்சு?

ஒரே வருஷத்துல செலாவணி கரைய ஆரம்பிச்சுது. போர்க்காலத்துல பிரிட்டன் நமக்குப் பட்ட கடன், ஸ்டெர்லிங் கையிருப்பா சேர்ந்து கிடந்தது, அதுதான் நம்ம உண்டியல். 1956லயும் 57லயும் இறக்குமதி பில்லு அந்த உண்டியலைக் காலி பண்ணிட்டே வந்துது. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச (புரோக்ராமர்கள் எல்லாருக்கும் பிடிக்கும்) ஒரு சம்பவம். அதுவரைக்கும் ரிசர்வ் வங்கி அச்சடிக்கற நோட்டுல 40 சதவீதத்துக்குத் தங்கமோ வெளிநாட்டுப் பத்திரமோ கையில இருக்கணும்னு சட்டம். 1956ல் அதை மாத்தி, சதவீதம் எல்லாம் வேண்டாம், வெளிநாட்டுப் பத்திரம் 400 கோடி, தங்கம் 115 கோடி இருந்தா போதும்னாங்க. அடுத்த வருஷமே அதுவும் முடியலை. 1957ல் மறுபடி சட்டத்தைத் திருத்தி, ரெண்டும் சேர்த்து 200 கோடி போதும்னாங்க. அதாவது டெஸ்ட் ஃபெயில் ஆகுது, கோடைச் சரி பண்ண நேரமில்லை, டெஸ்ட்ல இருக்கற நம்பரைக் குறைச்சுட்டு 'பாஸ்'னு காட்டறோம் பாருங்க, அதே வேலை! அப்போ நிதியமைச்சர் நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அவர் மேல மட்டும் பழி போடறது நியாயமில்லை. கையில வந்து சேர்ந்ததே அந்தத் திட்டம்தானே.

இறக்குமதிக்கு லைசென்ஸ் கெடுபிடி இறுகிச்சு. திட்டத்தோட 'மையப் பகுதி'யை மட்டும் காப்பாத்துவோம்னு 1958ல் 4,500 கோடியாகச் சுருக்கினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல உலக வங்கி, உதவி செய்யற நாடுகளை எல்லாம் ஒண்ணாக் கூட்டி உக்காந்துது. முதல் திட்ட காலத்துல குறைஞ்சிருந்த மொத்த விலைவாசி, இரண்டாம் திட்டத்தோட அஞ்சு வருஷத்துல சுமார் 30% ஏறிச்சு. 'அவசரத்துக்கு'ன்னு வந்த லைசென்ஸ் முறை அடுத்த முப்பது வருஷத்துக்குக் குடித்தனம் பண்ணிச்சு. ஸ்கூட்டருக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்த கதை உங்க அப்பாகிட்ட கேட்டா சொல்லுவார்.

இந்த இடத்துல நிறுத்திட்டு 'ஷெனாய் வாழ்க'ன்னு முடிச்சா நல்ல மசாலா பதிவா இருக்கும். ஆனா அது உண்மையில்லை. அவர் சொன்னதுல பாதிதான் நடந்துது. சமூகம் வெடிக்கலை, ஜனநாயகம் கவிழலை. வருஷத்துக்கு ஆறு சதவீதம் மாதிரி விலையேற்றம், வலிதான், ஆனா லத்தீன் அமெரிக்கா மாதிரி ஆகலை. வளர்ச்சி, வெள்ளைக்காரன் காலத்தோட ஒப்பிட்டா பல மடங்கு மேல். வெளிநாட்டு உதவி இந்த அளவுக்கு வந்து முட்டுக் கொடுக்கும்ங்கறதும் அவர் கணக்குல இல்லை. தவிர, அவருக்கும் கண்ணாடி உண்டு. ஹயக் தொடங்கின மோன் பெலரின் சங்கத்துல உறுப்பினர், சந்தை மேல அசைக்க முடியாத நம்பிக்கை. அரசு எதைத் தொட்டாலும் அவருக்குத் தப்பாத்தான் தெரியும். ஆக, இருபது பேருக்கு ஒரு கண்ணாடி, இவருக்கு இன்னொரு கண்ணாடி. சரியான ஆள் யாராவது இந்தக் குறிப்பைக் கையில எடுத்து, 'செலாவணிக் கணக்கு சரி, சமூகம் வெடிக்கும்ங்கறது மிகை, அரசுடைமை பத்திச் சொல்றது உங்க நம்பிக்கை'ன்னு பிரிச்சுக் காட்டியிருந்தா, இந்தியாவுக்கு அந்த 1957 நெருக்கடி கொஞ்சமாவது குறைஞ்சிருக்கும். அப்படிப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவங்க அந்தக் குழுவிலேயே இருந்தாங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். உள்ள இடம் இல்லைன்னா ஒரு ஆள் எங்க போய்ப் பேசுவார்? கூப்பிடறவங்க வீட்டுக்குத்தானே போவார்? 1956ல் பம்பாய்ல ஏ.டி.ஷ்ராஃப் தலைமையில தொழிலதிபர்கள் சேர்ந்து 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' ஆரம்பிச்சாங்க. 1959ல் ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவிச்சார். ஷெனாயோட கட்டுரைகள் அந்த ஃபோரத்தோட சிறு வெளியீடுகளா வந்தன, அவர் வாதங்கள் அந்த முகாமோட வாதங்களா ஆயின. உடனே என்ன ஆகும்? "பார்த்தியா, முதலாளிங்க ஆளு, அப்பவே சொன்னோம்ல!" நாம தள்ளிவிட்டதால அங்க போய் விழுந்தான்ங்கறது மறந்துபோய், அங்க இருக்கறதே நாம தள்ளினது சரிங்கறதுக்கு ஆதாரமா ஆயிடுது. அங்க போனதால அவர் எழுத்தும் வருஷா வருஷம் இன்னும் கறாரா ஆச்சு. கேக்கறவங்க எல்லாம் ஏற்கெனவே ஒத்துக்கறவங்களா இருந்தா யாருக்குத்தான் கூர் மழுங்காது?

ரூபாயோட மதிப்பு செயற்கையா உயர்ந்து நிக்குதுன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார். 1966 ஜூன்ல டாலருக்கு 4.76லிருந்து 7.50க்கு இறக்கினாங்க. 1970ல் ஜகதீஷ் பகவதியும் பத்மா தேசாயும் இந்தியத் தொழில்மயம் பத்தி ஒரு புத்தகம் போட்டு, லைசென்ஸ் முறையை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சாங்க. பகவதி வெளியாள் இல்லை, அறுபதுகளின் தொடக்கத்துல அதே திட்டக் கமிஷன், புள்ளியியல் நிறுவன வட்டத்துக்குள்ள வேலை பார்த்தவர். உள்ளே இருந்தவர் சொன்னதுக்கு அப்புறம்தான் அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்துது. ஷெனாய் 1978ல் காலமானார்.

இதைப் படிச்சுட்டு 'இடதுசாரிங்கன்னாலே இப்படித்தான்'னு விசிலடிக்க ரெடியா இருக்கற நண்பர்களுக்காக இன்னொரு கதை. ஊர் மாறுது, காலம் மாறுது, கூட்டத்தோட நிறமும் நேர் எதிரா மாறுது. கடைசி நாற்காலி மட்டும் அதே இடத்துல இருக்கு.

1992 ஏப்ரல் 1, அமெரிக்காவோட நியூ ஜெர்சி மாநிலம். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 டாலர் ஆக்கறாங்க. பக்கத்து பென்சில்வேனியாவுல மாத்தலை. பிரின்ஸ்டன்ல இருந்த டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் யோசிச்சாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் கூலி ஏறுது, அந்தப் பக்கம் ஏறலை, நம்ம பாஷையில சொன்னா இது தானா அமைஞ்ச ஏ/பி டெஸ்ட்! ரெண்டு பக்கமும் சேர்த்து 410 ஃபாஸ்ட்ஃபுட் கடைகள்ல, கூலி ஏறறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை பேர் வேலை பார்க்கறாங்கன்னு எடுத்தாங்க. பாடப்புத்தகப்படி நியூ ஜெர்சியில ஆள் குறைஞ்சிருக்கணும். குறையலை. 1994ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தோட இதழ்லயே கட்டுரை வந்துது.

வந்ததும் பூகம்பம். கூலியை ஏத்தினா சின்னப் பசங்களுக்கு வேலை போகும்ங்கறது அந்தத் துறையில கிட்டத்தட்ட வேதவாக்கு. 1979ல் வெளியான ஒரு கணக்கெடுப்புல அமெரிக்க நிபுணர்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் அதை முழுசாவோ, சில நிபந்தனைகளோடயோ ஒத்துக்கிட்டிருந்தாங்க. நோபல் வாங்கின ஜேம்ஸ் புக்கானன் 1996ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல எழுதினது, இங்க மொழிபெயர்க்க முடியாத அளவுக்கு வசவு. தண்ணி மேட்டை நோக்கி ஓடும்னு எந்த மானமுள்ள இயற்பியல்காரனாவது சொல்வானா, அந்த மாதிரிங்கற தொனி. வேற ரெண்டு ஆய்வாளர்கள், டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும், கடைகளோட சம்பளக் கணக்கை வெச்சு எதிர் முடிவு காட்டினாங்க. அதுல முதல் கட்டத் தரவு உணவகத் தொழில் ஆதரவுல நடந்த ஒரு அமைப்பு மூலமா வந்ததுன்னு கார்டு தரப்பு சொல்லிக் காட்டிச்சு. 2000ல் ரெண்டு தரப்பும் அதே இதழ்ல மோதிக்கிட்டாங்க. இந்த மோதல் ஆரோக்கியமானதுதான், தரவுக்குத் தரவு. ஷெனாய்க்குக் கிடைக்காதது இதுதான்.

ஆனா கார்டு என்ன பண்ணினார் தெரியுமா? 1995ல் நாற்பது வயசுக்கு உட்பட்டவங்களுக்கான பெரிய பதக்கமே வாங்கின மனுஷன், குறைந்தபட்சக் கூலி ஆராய்ச்சியை விட்டு மெல்ல ஒதுங்கிட்டார். 2006ல் ஒரு பேட்டியில காரணம் சொல்றார். அது அவருக்கு நிறைய நண்பர்களைத் தொலைச்சுதாம். சிகாகோவுல முதல் வேலை பார்த்த காலத்துல இருந்து பழகினவங்ககூட கோபமா, ஏமாற்றமா ஆயிட்டாங்களாம். பொருளாதாரம்ங்கற துறைக்கே துரோகம் பண்ணிட்டதா பார்த்தாங்களாம். தப்பான கணக்கு போட்டான்னு இல்லைங்க, துரோகம்னு! கடவுள் மறுப்புக் கூட்டத்துல திருநீறு பூசிட்டு வந்தவனைப் பார்க்கற மாதிரி.

2021ல் கார்டுக்கு நோபல் கிடைச்சுது. குரூகர் 2019லேயே இறந்துட்டார். இன்னைக்கு அந்தக் கேள்வியில அமெரிக்க நிபுணர்கள் பல பக்கமாப் பிரிஞ்சு நிக்கறாங்க, 90 சதவீதம் எல்லாம் போயே போச்சு. கார்டு பிழைச்சதுக்கும் ஷெனாய் ஒதுங்கினதுக்கும் திறமை வித்தியாசம் காரணம்னு நான் நினைக்கலை. அமெரிக்காவுல சிகாகோ முறைச்சா பெர்க்லி கூப்பிடும். 1955 இந்தியாவுல தில்லி முறைச்சா வேற தில்லி கிடையாது.

இது ஏதோ அந்தக் காலத்துச் சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சோதனை பத்திச் சொல்லணும். மொஹ்சென் ஜாவ்தானியும் ஹா-ஜூன் சாங்கும் 19 நாடுகள்ல 2,425 பொருளாதார நிபுணர்கள்கிட்ட சில கூற்றுகளைக் குடுத்து, எவ்வளவு ஒத்துக்கறீங்கன்னு கேட்டாங்க. கூற்று ஒண்ணுதான். ஆனா கீழ போட்ட பேரை மட்டும் குலுக்கல் முறையில மாத்திட்டாங்க. சிலருக்கு பெரிய மெயின்ஸ்ட்ரீம் ஆள் பேர், சிலருக்கு மாற்று முகாம் ஆள் பேர், சிலருக்குப் பேரே இல்லை. மாற்று முகாம் பேர் போட்டதும் ஒத்துக்கறது சராசரியா 7 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. பேரையே எடுத்துட்டா 11 சதவீதத்துக்கு மேல. அதே ஆளுங்ககிட்ட 'ஒரு கருத்தை எதை வெச்சு எடை போடணும்?'னு கேட்டதுக்கு 82% பேர் சொன்ன பதில்: 'உள்ளடக்கத்தை வெச்சு மட்டும்தான்.' சத்தியமா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுவும் அந்த மீட்டிங் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே கேட்டிருந்தாக்கூட.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் மனசு கேக்காம, அந்தப் பழைய கம்பெனி சீனியருக்குப் போன வாரம் ஒரு மெயில் போட்டேன். அன்னைக்கு நீங்க சொன்னது சரின்னு எனக்குத் தெரியும் சார், நானும் கணக்கு போட்டுப் பார்த்திருந்தேன், வாயைத் திறக்காதது தப்புன்னு. ரெண்டு நாள் கழிச்சு ரெண்டே வரியில பதில் வந்துது. "பரவாயில்லைப்பா, இதெல்லாம் சகஜம். ஆமா, அந்த டிசைன் டாக்குமெண்ட்ல நான் ஒரு கமெண்ட் போட்டிருந்தேனே, அதுக்கு யாராவது பதில் எழுதினாங்களா?"

அங்க இன்னும் வேலை பார்க்கற நண்பன்கிட்ட சொல்லிப் பார்க்கச் சொன்னேன். கமெண்ட் அப்படியே இருக்காம். பதில் இல்லை. அதுக்கு நேர் கீழ 'எனக்கு ஓகே'ன்னு ஒரு வரி, என் பேர்ல.